வெல்டிங் ஓரத்துச் செம்புள்ளிகள்

ஒரு ஆலையில் பழுது வந்தால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், மெக்கானிக்கல் படித்தவரையா, மெட்டீரியல்ஸ் படித்தவரையா? எட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

நான் மெட்டீரியல்ஸ், அதாவது உலோகங்களைப் பற்றிய படிப்பு. மாங்கூழ் ஆலைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் மாட்டித் தரும் திருப்பதி கம்பெனி ஒன்றில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது என் சைட் வேலையெல்லாம் மெக்கானிக்கல் படித்த சுஜாதாவிடம் போயிருந்தது.

"உனக்குக் கைக்கொழந்த இருக்குதும்மா. ஆபீஸ்ல ஸ்டீல் டெஸ்ட் சர்டிபிகேட் பாத்துக்கினு இரு" என்றார் மேனேஜர். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

1. போட்டோ

மாம்பழ சீசன் உச்சத்தில் பங்காருபாளையம் ஆலையில் பைப் ஒழுகியது. சுஜாதா போய் வந்து போனை நீட்டினாள்.

"பம்ப் ஆடுதுக்கா. அதுலதான் வெல்டிங் உட்டுப்போச்சு. அலைன்மெண்ட் பண்ணி நேராக்கிட்டேன்."

படத்தில் வெல்டிங்கை ஒட்டிச் சின்னச் செம்புள்ளிகள். அது குளோரின் ஸ்டீலை அரித்துத் துளை போடுவது, பிட்டிங் என்போம். பார்த்ததுமே தெரிந்தது. "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். அவளும் ஒருமுறை தோற்கட்டுமே என்றிருந்தது.

2. கேட்டில் டிராக்டர்கள்

நான்காம் நாளுக்குள் மூன்று இடத்தில் ஒழுகி லைன் நின்றுபோயிருந்தது. இருவரையும் அனுப்பினார்கள். கேட்டுக்கு வெளியே தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள். அடிப்பழம் நசுங்கிச் சாறு ரோட்டில் வழிந்தது.

"ரெண்டு நாளா இங்கியே துன்னு இங்கியே தூங்கறோம். எப்பம்மா பழத்த எடுப்பீங்க?" என்றாள் ஒரு விவசாயப் பெண். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

பைப் கழுவும் மேஸ்திரி பெருமையாகச் சொன்னார்: "ஷிப்ட் முடிஞ்சா ப்ளீச்சிங் தண்ணி ரொப்பி, அடுத்த ஷிப்ட் வரிக்கும் அப்பிடியே உட்டுடுவோம் மேடம். சுத்தமா இருக்கும்."

"அதான் இரும்பத் தின்னுது. உடனே நல்ல தண்ணில அலசணும்" என்றேன். என் படிப்பு ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

சுஜாதா பைப்பின் மேல் ரசமட்டம் வைத்தாள். "அலசினாலும் வடியாதுக்கா. நடுவுல தொங்குது, பாருங்க."

உண்மைதான். அவள் பைப் தாங்கிகளை உயர்த்தி, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்தாள். ஆலையின் கெமிக்கல் என்ஜினீயர் ப்ளீச்சிங் அளவைக் குறைத்தார். அரித்த துண்டுகளுக்குப் பதிலாக, குளோரினை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ஸ்டீல் போடச் சொன்னேன். மூவரில் ஒருவர் தன் பங்கை விட்டிருந்தாலும் மறுபடி ஒழுகியிருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதையாவது என்னிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

மறுநாள் லைன் ஓடியது. ஆனால் கேட்டில் நின்ற அந்த விவசாயப் பெண்ணின் பழம் அழுகல் என்று திருப்பி அனுப்பப்பட்டது.

3. ரிப்போர்ட்

திரும்பும் வழியில் சுஜாதா, "நான் போன கிட்ட வெச்சு எடுத்திருந்தா புள்ளி தெரிஞ்சு நீங்க அன்னிக்கே சொல்லியிருப்பீங்க. என் தப்புக்கா" என்றாள். ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதிவிட்டாள். அதைப் படித்த மேனேஜர் வரும் திங்கட்கிழமையிலிருந்து சைட் வேலையை எனக்கே தருகிறார்.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அன்று புள்ளிகளைப் பார்த்தேன் என்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை என்ன ஆகும், வேலை போனால் மகளை எப்படி வளர்ப்பது என்றெல்லாம் யோசிக்கிறேன். முதலில் சுஜாதாவிடம் சொல்வதா, மேனேஜரிடமா? இப்படி ஒரு இடத்தில் நின்றவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.