வெயிலில் வெளுத்த பவளம்

கிராம்புக் காலத்தில் வெயிலைத் திட்டுகிறவர் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அருகிலுள்ள பெம்பாத் தீவில் ஒருவர்கூடக் கிடையாது. வாசலுக்கு வாசல் பாய் விரித்துக் கிராம்பு காயும். நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும், ஊரே சிரித்த முகமாக இருக்கும். அந்த வருஷம் மிஸே மட்டும் காலையில் கதவைத் திறந்ததும் வானத்தைப் பார்த்து, "ஒரு மேகமாவது அனுப்பு, அல்லாவே" என்று முணுமுணுத்தாள். வெளியே கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

மிஸேவுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்து வயதிலிருந்து பவளத் திட்டில் நடந்து, கம்பியால் குத்தி எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடித்தவள். மிதிபட்டே திட்டில் பாதி நொறுங்கிப்போனது என்று ஊரில் முதலில் வாயைத் திறந்தவளும் அவள்தான். ஒரு வருஷம் யாரும் கால் வைக்கக் கூடாது, அங்கே பவளம் நடுவோம் என்றாள். ஊர் மீன்பிடிக் கமிட்டித் தலைவர் மகாமே தாடியைத் தடவிக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். நட்டது பிழைத்தால் திட்டு பெண்களுக்கு. செத்தால் வலைப் படகுகளுக்குத் திறந்துவிடுவார். மிஸேவின் சொல்லை நம்பி முப்பது பெண்கள் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்தார்கள். "நம்ம சோத்துல மண்ணைப் போட்டுட்டு எங்க அண்ணி கடலுக்குள்ள தோட்டம் போடுறாங்க" என்று புருஷனின் தங்கை ரியாமா கிணற்றடியில் அவள் காது படவே சொன்னாள்.

பவளத் துண்டுகளை முதலில் மூன்று ஆள் ஆழத்தில் இரும்புச் சட்டத்தில் கட்டி வளர்த்தாள். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் பவளத்துக்குச் சோறு போடுகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அதனுடையதுதான். வெளிச்சம் குறைந்த ஆழத்தில், கிடைக்கிற கொஞ்சத்தையும் சிந்தாமல் பிடிக்கப் பாசி நிறம் கூட்டிக்கொள்ளும். பவளம் காப்பிக்கொட்டை மாதிரி கறுத்துவிடும். அப்படிப் பழகியதைத் திடீரென்று வெயிலுக்குக் கொண்டுவந்தால் சமைத்த பாசியே விஷமாகும், பவளம் அதைத் துப்பிவிடும். துப்பினால் வெளுக்கும். வெளுத்தது உடனே சாகாது, பட்டினி கிடக்கும். அதனால் நடு ஆழத்தில் பதினைந்து நாள் வைத்துப் பழக்கிவிட்டுத்தான் மேலே நட வேண்டும் என்று பவளம் நடப் பயிற்சி கொடுக்க ஊருக்கு வந்த பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அந்தப் பதினைந்து நாளை மிஸே விழுங்கிவிட்டாள். மகள் கல்யாணம் நெருங்கியிருந்தது. தெற்குக் காற்று ஓயாமல் அடித்துத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. இந்தக் கலங்கலே நிழல்தானே என்று முன்னூறு துண்டையும் ஒரே காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் நட்டாள். கல்யாண விருந்து செரிப்பதற்குள் காற்று விழுந்தது. கடல் தெளிந்து கண்ணாடியாயிற்று, வெயில் நேரே அடிவரை இறங்கியது.

நாலாம் நாள் போய்ப் பார்த்தாள். அத்தனையும் வெளிறிக்கொண்டிருந்தன. நிழல் கட்டினால் காப்பாற்றலாம். கட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும். முப்பது பெண்களின் முகம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது, அவள் கட்டவில்லை. தினமும் தனியே போய் விரலால் தடவிப் பார்த்தாள். வழுக்கினால் உயிர், சொரசொரத்தால் சாவு. மூன்றாம் வாரம் வழுக்கியவை நாற்பத்தொன்று. மற்றவற்றின் மேல் பச்சைப் புல் மாதிரி கடற்பாசி ஏறிவிட்டது. பயத்தில் அவள் சாப்பாட்டை மறந்தாள், மருமகன் பெயரைக்கூட மறந்தாள்.

கமிட்டி பார்க்க வரும் நாளும் வந்தது. நீர் வற்றிய காலை. மகாமே முன்னால் நடக்க, பெண்கள் பின்னால் வந்தார்கள். மகாமே குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா! நெல்லு வயலாட்டம் பச்சை புடிச்சிருக்கே மிஸே! அந்த வெள்ளைங்கதான் செத்துப்போச்சு. புடுங்கிப் போட்ரலாம், மத்ததுக்கு ஒட்டிக்கப் போவுது."

மிஸே அவரையே பார்த்தாள். பிணத்தைப் பார்த்துப் பயிர் என்கிறார் மனுஷன். வாயை மூடிக்கொண்டால் போதும், திட்டு பெண்களுக்கு வந்துவிடும், அவள் மானமும் தப்பிக்கும். ரியாமாகூட ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தாள். மகாமே ஒரு வெள்ளைத் துண்டை ஒடித்து எறிந்தார். அடுத்ததற்குக் கை நீட்டினார். ஊர் பார்க்க மிஸே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்கண்ணே! அது உசுரோட இருக்கு."

"என்னம்மா இது? வெளுத்துக் கெடக்கே!"

"பட்டினி கெடக்குது. தடவிப் பாருங்க, வழுக்கும். பச்சையாத் தெரியுறதெல்லாம் பொணம். மேல புல்லு மொளைச்சிருக்கு, அவ்ளோதான்."

"யாரு கொன்னது?"

"நான்தான். பழக்காம அவசரப்பட்டு மேல கொண்டாந்துட்டேன். சொல்லப் பயந்துகிட்டு இத்தனை நாளும் மறைச்சேன்."

"மிச்சம் எத்தனை?"

"நாப்பத்தொண்ணு. நீங்க ஒடிச்சது போக நாப்பது."

மகாமே கையை உருவிக்கொண்டார். "முன்னூறுக்கு நாப்பதா? வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் கமிட்டி கூடும். வலைக்காரங்க சும்மா இருப்பாங்களா?" திரும்பிப் பார்க்காமல் கரைக்கு நடந்தார்.

ரியாமா தண்ணீரை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தாள். அறை விழப்போகிறது என்று மிஸே கண்ணை இறுக்கிக்கொண்டாள். விழவில்லை. ரியாமா குனிந்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒரு வெள்ளைத் துண்டைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"வழுக்குதுதான். இது பொழைக்க என்ன செய்யணும்?"

"வெயில் நேரா படக்கூடாது. மேல நிழல் கட்டணும். இன்னிக்கே கட்டணும்."

ரியாமா நிமிர்ந்து சூரியன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை பேச்சை வெள்ளிக்கிழமை பேசிக்கலாம். எங்கூட்டுக் கூரையில எத்தனை தென்னங்கிடுகு பிரிக்கணும்? அதைச் சொல்லுங்க அண்ணி."