யெதுண்டேயின் செவி

இந்த நாட்டில் ஒருவர் வலியில் முனகினால் அவருக்குச் சொக்லேட் கிடைக்கக்கூடும் என்பதை ஒரு காலை வேலைக்குப் போன இடத்தில் கண்டேன். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் வேலை செய்கிறேன். அன்று செபமாலை ஐயாவின் அறைக்குள் நுழைந்தபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் பாதி உருகிய சொக்லேட் துண்டு, கண்களில் நீர். கட்டிலருகே நின்ற தாதி ஹில்டே என்னைப் பார்த்ததும் தன் நோர்வேஜிய மொழியில் மகிழ்ச்சியோடு சொன்னாள்: "விடியத் தொடக்கம் 'நூ கொத்', 'நூ கொத்' எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார், கலா. குடுத்தனான். ஆனா சாப்பிடுறார் இல்லை." 'நூ கொத்' என்றால் நோர்வேஜிய மொழியில் ருசியாக ஏதாவது என்று அர்த்தம். நான் ஐயாவின் பக்கம் குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோகுது பிள்ளை, நோகுது" என்றார்.

அதற்கு முதல் நாள் குளியலறையில் யாரும் காணாமல் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்த பிறகு ஹில்டே தேநீர் அறையில் அழுதாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த இல்லத்தில் அவளைப்போலப் பொறுமைசாலி வேறு யாருமில்லை. ஐயா மன்னாரிலிருந்து வந்து, வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்று, பிறகு ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். நோர்வேஜிய மொழியில் பகிடி விடுவாராம். மறதி நோய் வந்ததும் கடைசியாகக் கற்ற மொழிதான் முதலில் கழன்று போனது. ஊரில் ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் அவருடைய வலியைச் சொல்லக் குடும்பமே கட்டிலைச் சுற்றி நிற்கும். நோயாளி வாய் திறக்கவே தேவையில்லை. இங்கே ஒவ்வொருவரும் தன் வலியைத் தானே சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார்கள். சொல்ல மொழி இல்லாதவருக்கு வலி இல்லை என்றாகிவிடும்.

இந்தக் கதை எப்படியோ ஒஸ்லோவில் கணினி நிறுவனம் நடத்தும் யெதுண்டே என்ற பெண்ணின் காதுக்குப் போய், ஒரு பனிக்காற்று நாளில் அவரே எங்கள் இல்லத்துக்கு வந்தார். நல்ல உயரம், அறுபதை நெருங்கும் வயது, நீலத் தலைத்துணிக்கு மேல் ஒரு கம்பளித் தொப்பி. வாசலில் நின்ற பராமரிப்பாளர் அவரைப் பார்த்துவிட்டு, துப்புரவு வேலைக்காரர் பின்கதவால் வரவேண்டும் என்று கை காட்டினார். யெதுண்டே நன்றி சொல்லிவிட்டுப் பின்கதவால்தான் உள்ளே வந்தார். பிறகு எங்கள் தலைமைத் தாதி மன்னிப்புக் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். "பரவாயில்லை. அந்தப் பக்கம் காத்துக் குறைவு" என்றார். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது நோர்வேஜிய மொழியில்தான். ஆனாலும் அவர் பேசியதெல்லாம் ஏனோ என் ஊர்த் தமிழிலேயே எனக்கு ஞாபகத்தில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் நைஜீரியாவில், இபாதான் நகரத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகக் கணினி முன் உட்கார்ந்தபோது யொரூபா மொழியில் ஒரு வசனம் எழுதிப் பார்த்தாராம். எழுத்துக்குக் கீழே இடவேண்டிய புள்ளியையும் மேலே இடவேண்டிய கோட்டையும் கணினி விழுங்கிவிட்டது. அவர்களுடைய மொழியில் குரல் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் பொருள் இருக்கிறது. 'ஒக்கோ' என்று சமமாகச் சொன்னால் கணவன். கடைசியில் குரல் ஏறினால் மண்வெட்டி. இறங்கினால் வாகனம். "என்ர புருஷன் வெளியில நிக்கிறார் எண்டு எழுதினனான். மண்வெட்டியோ லொறியோ எண்டு தெரியாமல் கிடந்தது" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் அவருடைய வாழ்க்கை தொடங்கியது. பேராசிரியர்கள், கணினிக்கு ஆங்கிலம் போதும், நேரத்தை வீணாக்காதே என்றார்கள். அவர் லாகோஸில் ஒரு தையற்கடைக்கு மேலே அறை எடுத்து, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் நின்றால் காகிதம் பென்சில் என்று வேலை செய்து, யொரூபா மொழியை அதன் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கும் கணினி நிரலை உருவாக்கினார். கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றுதான் அதை முதலில் வாங்கியது. தன் மொழியில் பாடப்புத்தகத்தைக் கேட்ட ஒரு சிறுமி, யார் இந்த அக்கா, எங்கே ஒளிந்திருக்கிறா என்று பெட்டிக்குப் பின்னால் தடவிப் பார்த்தாளாம். அதைச் சொன்னபோது மட்டும் யெதுண்டே சிரிக்கவில்லை.

மேற்படிப்புக்கு ஒஸ்லோ வந்தவர், இங்கேயே கலியாணம் செய்து, இங்கேயே தன் இரண்டாவது நிறுவனத்தையும் தொடங்கினார். நோர்வேஜிய மொழியை அவர் பிடித்த வேகம் எனக்குப் பொறாமையாக இருந்தது. விவசாயிகளுக்கும் அவரைக்கொட்டைக்கும் இந்த மொழியில் கிட்டத்தட்ட ஒரே ஒலிதான். குரலின் ராகம் மட்டுமே வேறு. நான் வந்த புதிதில் மொழி வகுப்பில், நேற்று அரைக் கிலோ விவசாயிகளை அவித்துச் சாப்பிட்டேன் என்று சொல்லி வகுப்பையே சிரித்து உருள வைத்தவள். அன்றைக்குப் பிறகு தொலைபேசி மணி அடித்தால் எடுக்காமல் விட்டுவிடுவேன். யெதுண்டேக்கு அந்த ராகம் முதல் நாளே காதில் விழுந்திருக்கிறது. "இவங்களும் எங்களை மாதிரிப் பாடித்தான் கதைக்கிறாங்கள். ஆனா பாடுறம் எண்டு இவங்களுக்குத் தெரியாது" என்பார்.

எங்கள் இல்லத்துக்கு அவர் கொண்டுவந்த திட்டம் இதுதான். கட்டிலருகே ஒரு சின்னப் பெட்டி. மறதி நோயாளி தன் தாய்மொழியில் எதைச் சொன்னாலும் அது புரிந்துகொண்டு, தாதியின் கைபேசிக்கு நோர்வேஜிய மொழியில் அனுப்பும். சோமாலி, உருது, யொரூபா ஏற்கெனவே வந்துவிட்டன. தமிழுக்குச் சென்னையிலிருந்து வந்த கார்த்திக் என்ற பொறியாளர் பொறுப்பு. நல்ல பிள்ளை, சென்னையில் தனக்குத் தெரிந்தவர்கள் மூலம் ஆயிரக்கணக்கான குரல்களைப் பதிவு செய்து பெட்டிக்குக் கற்பித்திருந்தான். "அக்கா, அக்யூரஸி சூப்பரா வருது. நீங்களே டெமோல பாருங்க" என்று என்னிடம் சொன்னான். கொம்யூன், அதாவது மாநகராட்சி, இதை எல்லா இல்லங்களுக்கும் எடுப்பதா என்று முடிவு செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த முடிவில்தான் யெதுண்டேயின் நிறுவனமே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாள் எங்கள் சாப்பாட்டு மண்டபத்தில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐயாவின் மகளிடம் அனுமதி வாங்கி, அவரைச் சக்கர நாற்காலியில் நான் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். முதலில் கார்த்திக் பெட்டியின் முன் நின்று, "எனக்குக் கால் வலிக்குது, தண்ணி வேணும்" என்றான். திரையில் நோர்வேஜிய வசனம் சுத்தமாக விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். யெதுண்டே நிறுத்தவில்லை. "இது எங்கடை ஆள். பெட்டி இவருக்கு மட்டும் வேலை செய்தால் காணாது" என்று சொல்லி, ஐயாவின் பக்கம் பெட்டியைத் திருப்பினார். நான் ஐயாவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இடுப்புக்குள்ளை நோகுது பிள்ளை. இருக்க ஏலாமல் கிடக்கு" என்றார் ஐயா, தெளிவாகவே.

திரை வெறுமையாக இருந்தது. பிறகு இரண்டே சொற்கள் வந்தன: பேச்சு இல்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு அதிகாரி இரக்கத்தோடு உதவிக்கு வந்தார். நோயாளிதானே, குரல் தெளிவில்லாமல் இருக்கலாம், அது இயந்திரத்தின் பிழை அல்ல என்றார். நல்ல மனதோடு திறந்துவிட்ட கதவு அது. அதன் வழியாக வெளியே போயிருந்தால் ஒப்பந்தம் அன்றைக்கே கைக்கு வந்திருக்கும். யெதுண்டே திரையை அணைத்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இல்லை. அவர் கதைச்சவர். எங்களுக்குத்தான் கேக்கேல்லை" என்றார். "தமிழ் எண்டு சொல்லி நான் இதைத் தர மாட்டன். இந்த வருஷம் எங்கடை விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கிறன்."

அவருடைய தொழிற்பங்காளியாக இருந்த நோர்வேக்காரர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வரவேயில்லை. கார்த்திக்கின் முகம் வெளிறிப்போயிருந்தது. சாமான்களை அடுக்கும்போது, "மேடம், தப்பு என்னோடது. இலங்கைத் தமிழ் இவ்ளோ வேறயா இருக்கும்னு நான் யோசிக்கவே இல்ல" என்று ஆங்கிலத்தில் தொடங்கினான். யெதுண்டே அவன் தோளில் கை வைத்தார். "யோசிச்சிருக்க வேண்டியவள் நான். இபாதான் யொரூபாவும் லாகோஸ் யொரூபாவும் ஒண்டில்லை எண்டு ஆயுள் முழுக்கச் சண்டை பிடிச்சவள். உங்கடை மொழி எண்டதும் ஒண்டுதான் எண்டு நினைச்சிட்டன். நாளைக்கு வா, வேலை கிடக்கு."

வேலை உண்மையிலேயே கிடந்தது. அலுவலகத்தை விட்டுவிட்டு அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மாறினார்கள். சனி ஞாயிறுகளில் மூவரும் புறப்படுவோம். வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் நான்தான். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் கூட்டத்தில், லில்லெஸ்ட்ரோமில் ஒரு பிறந்தநாள் வீட்டில், கோயில் அன்னதானப் பந்தியில் என்று வயதானவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்தோம். அந்த உயரமான ஆபிரிக்கப் பெண் தரையில் சம்மணம் கட்டி, புட்டையும் மீன்குழம்பையும் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்தே பாதிப்பேர் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர் கேட்பதும் அதிகமில்லை. உங்களுக்கு எங்கே நோகிறது, முதல் பிள்ளை பிறந்தபோது எப்படி நொந்தது, பசித்தால் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள். மனிதர்கள் தங்கள் வலியைப்பற்றிப் பேச இவ்வளவு ஆசையாக இருப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு அம்மா கார்த்திக்கிடம், "எனக்கு ஏலாமக் கெடக்கு மனே" என்றா, உடம்புக்கு முடியவில்லை என்ற பொருளில். அவன் என் காதுக்குள், "எதை ஏலம் விடறாங்க, அக்கா?" என்றான். நான் அதை எல்லோருக்கும் கேட்கச் சொல்ல, வீடு அதிர்ந்தது. அந்த அம்மா சிரித்துச் சிரித்துத் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டா. "இப்ப உண்மையா நோகுது" என்றா. கார்த்திக் அதையும் பதிவு செய்துகொண்டான்.

எங்கள் ஆட்களுக்கும் இந்தியத் தமிழருக்கும் இடையில் இங்கே ஒரு மெல்லிய திரை உண்டு. அவர்கள் பேச்சை நாங்கள் சினிமாப் பேச்சு என்போம். எங்கள் பேச்சை அவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள், ஆனால் புரியாது. ஒரே மேசையில் இருந்தால் இரு பக்கமும் நோர்வேஜிய மொழிக்குத் தாவிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திரையை விலக்கி எங்களை ஒருவர் வாயை ஒருவர் பார்க்க வைத்தவர், தமிழில் ஒரு சொல்லும் அறியாத நைஜீரியப் பெண் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அடுத்த குளிர்காலம் பெட்டி மறுபடியும் எங்கள் இல்லத்துக்கு வந்தது, இந்த முறை ஐயாவின் அறைக்கே. ஒரு காலை நானும் ஹில்டேயும் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் அவளுடைய கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். வலி, வலது இடுப்பு, திரும்பிப் படுக்க வேண்டும் என்று இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக அறைக்குள் போய், ஐயாவின் வலது இடுப்பில் மெதுவாகக் கை வைத்தாள். ஐயா அவளை உற்றுப் பார்த்தார். "ஓம், இஞ்சைதான்" என்றார். அதற்குப் பிறகு அவளை அவர் தன் மகளின் பெயரால் கூப்பிடத் தொடங்கினார். கொம்யூன் அந்த வருடம் ஒப்பந்தம் கொடுத்தது. செய்தியைக் கேட்ட யெதுண்டே, என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஐயா இரவில் நன்றாக உறங்குகிறாரா என்பதுதான்.

இந்த வசந்தத்தில் அவர் லாகோஸில் ஓர் ஆய்வுகூடம் தொடங்கப் புறப்பட்டார். ஆண்டில் பாதி அங்கே, பாதி இங்கே. விமான நிலைய ரயிலடியில் வழியனுப்பப் போனபோது, "அப்ப வீட்டுக்குப் போறீங்கள்" என்றேன். அவர் பெட்டியின் கைப்பிடியை நீட்டுவதும் மடக்குவதுமாக நின்றார். "போன முறை லாகோஸிலை ஒஸ்லோவுக்கு டிக்கெட் எடுக்கேக்கையும் என்ர தங்கச்சி இதைத்தான் சொன்னவள்" என்றார்.

போன வாரம் வேலை முடிந்து டி-பானா என்ற மெட்ரோ ரயிலில் வரும்போது அவருடைய குரல்பதிவு வந்திருந்தது. பின்னால் வாகனங்களின் ஹோர்ன், யாரோ எதையோ கூவி விற்கும் சத்தம். ஆங்கிலத்தில் தொடங்கினார். கூட்டங்களுக்குச் சொன்ன நேரத்துக்குப் போய்த் தனியே உட்கார்ந்திருப்பதால் எல்லாரும் தன்னை நோர்வேக்காரி என்கிறார்களாம். இடையில் யாரையோ யொரூபாவில் அதட்டினார். கடைசியில் நோர்வேஜிய மொழியில், இங்கே எல்லாம் இருக்கிறது கலா, பனி விழுந்த காலையின் அமைதி மட்டும் இல்லை என்று சொல்லி முடித்தார். பதில் சொல்ல நான் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. மகள் பல்கலைக்கழகம் போகிறாள், கார்த்திக்குக் கலியாணம், இந்த முறை ஊருக்கு, மன்னார் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் என்னை 'நோர்வே மாமி' என்று தன் பிள்ளைக்குக் காட்டினாள். எந்த மொழியில் தொடங்குவது என்று வாயைத் திறந்தபடி இருந்தேன். தமிழ் அவருக்குப் புரியாது. நோர்வேஜிய மொழியில் மாமி என்பதற்குச் சொல் கிடைக்கவில்லை. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த நிலையத்தின் பெயரை அறிவிப்புக் குரல் தன் ராகத்தில் பாடியது. விரலை எடுத்துவிட்டேன். சக்கரங்களின் ஓசையும், நான் மூச்சிழுக்கும் சத்தமும், ஒஸ்லோவின் ஒரு நிலையத்தின் பெயருமாக அந்தப் பதிவு லாகோஸுக்குப் போய்விட்டது.