வயிற்றைக் கேட்டவர்

என் அண்ணன் பாண்டியராஜன் போன மாதம் இறந்தார். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்றவர். எதையும் வயிற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். சரக்கைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கினால் வாங்க மாட்டார். பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிட்டது. அதுதான் கெடுத்தது.

ஆண்டுதோறும் திருச்செந்தூர் சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பார். பகலில் தண்ணீர், இரவில் ஒரு தம்ளர் பால். ஓர் ஆண்டு மகள் முத்துச்செல்வியும் விரதம் இருந்தாள். ஐந்தாம் நாள் ஏரலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை செந்தில்வேலுக்குக் கப்பலில் வேலை. விடுப்பு முடிவதற்குள் பேசி முடிக்கும் அவசரம். போனில் பேசியதிலேயே அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

அவனோடு சற்று நேரம் பேசிவிட்டு அண்ணன் அடுக்களைக்கு வந்தார்.

“ஏளா, இது வேண்டாம். அவன் முன்னால உக்காந்ததும் வயிறு கலங்குது. கை நடுங்குது பாரு.”

“அஞ்சு நாளா பச்சத்தண்ணி. நடுங்காம பின்ன என்ன செய்யும்?” என்றார் மதினி சந்தனமாரி.

“விரதத்துல தோணுதது முருகன் சொல்லுதது.”

“நானும்தாம்ப்பா விரதம்,” என்றாள் முத்துச்செல்வி. “எனக்கு ஒண்ணும் கலங்கலையே.”

அண்ணன் மறுநாளே வேண்டாம் என்று ஏரலுக்குச் சொல்லிவிட்டார்.

ஏழாம் நாள் விரதம் முடித்து, ரசம் சோறு சாப்பிட்டுத் தூங்கி எழுந்தார். நடுக்கம் நின்றிருந்தது. அந்தப் பையனின் முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாராம். வயிறு சும்மா கிடந்தது. “பசிதான் போலருக்கு,” என்றார். உடனே என்னையும் கூட்டிக்கொண்டு ஏரலுக்குப் பேருந்து ஏறினார்.

செந்தில்வேலின் அம்மா காப்பி கொடுத்தார். “இன்னைக்குக் காலையிலதான் ஆழ்வார்திருநகரியில தட்டு மாத்துனோம் அண்ணாச்சி. ரெண்டு எடம் பேச்சுல இருந்துச்சு. நீங்க வேண்டாம்னுட்டீங்க. பையன் திங்கக்கிழமை கெளம்புதான், நாங்க என்ன செய்ய?” அவர் குரலில் கோபமில்லை. அண்ணன் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அவரே சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் “சரிப்பா” என்றாள். ஏதாவது திட்டுவாள் என்று அவர் அங்கேயே நின்றார். அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

அதன்பின் வேறு இடத்தில் அவளுக்குத் திருமணமாயிற்று. அண்ணன் சஷ்டி விரதத்தை விடவில்லை. ஆனால் அந்த ஆறு நாளும் கடையைப் பூட்டிவிடுவார். யார் எதைக் கேட்டு வந்தாலும், “சாப்பிட்ட பொறவு சொல்லுதேன், போங்க,” என்று அனுப்பிவிடுவார்.