மொய் எழுதாத டாக்டர்

உத்தமபாளையத்துக் கால்நடை மருத்துவர் ராசாங்கம் காலமான செய்தி எனக்குத் துபாயிலிருந்து வந்தது. நான் இருப்பது கம்பத்தில். பேருந்தில் உட்கார இடம் பிடித்து மூச்சு வாங்குவதற்குள் அவர் ஊர் வந்துவிடும். அன்று காலை கணினியைத் திறந்தால், நான் முகம் பார்த்திராத ஒரு வாசகர் மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார்: "டாக்டர் தவறிவிட்டாராமே, உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே, உண்மையா?" டாக்டரின் மனைவி கோமதி அக்காவுக்குப் போன் செய்தேன். "ஆமா டீச்சர், மதுரையில வச்சு விடியக்காலம் போயிட்டாக. ஒங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சேன், அதுக்குள்ள யாரு யாரோ பேசுறாக" என்றார். நாவல் எழுதுகிற ஆண்டிபட்டித் தமிழரசி ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாளாம். அவள்தான் தன் வலைப்பதிவில் செய்தியைப் போட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள், புத்தகங்களைப் பற்றி அவர் தன் வலைப்பதிவில் எழுதியதைப் படித்திருப்பீர்கள். போன வாரம் முழுக்க நீங்கள் அவரைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் புத்தகங்களுக்கென்று முதலில் வலைப்பதிவு தொடங்கியது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான்தான். அப்போது கம்பத்தில் ஒரே ஒரு பிரவுசிங் சென்டரில்தான் தமிழ் எழுத்துரு ஒழுங்காகத் தெரியும். அங்கே டாக்டரை உட்காரவைத்துத் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். மாட்டுக்கு ஊசி போடுகிற கை, இரண்டு விரலால் தடவித் தடவி எழுதியது. ஆறு மாதத்தில் உலகத்தில் உள்ள தமிழர்கள் எல்லாம் அந்த இரண்டு விரலைப் படிக்க வந்துவிட்டார்கள். என் பதிவில் உவமை இருக்கும், ஆழம் இருக்கும், கீழே "அருமை" என்று ஒரு பின்னூட்டம் இருக்கும். அது பெரும்பாலும் என் தம்பி போட்டதாக இருக்கும்.

அவருடைய ஒவ்வொரு விமர்சனத்தின் தலையிலும் மூன்று வரிகள் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். புத்தகம் எப்படிக் கைக்கு வந்தது, எவ்வளவு படித்தார், எழுதியவரைத் தெரியுமா தெரியாதா. "கடையில் வாங்கியது. முழுதும் படித்தேன். ஆசிரியரைத் தெரியாது." இல்லாவிட்டால், "ஆசிரியர் இலவசமாக அனுப்பினார். பாதியில் நிறுத்திவிட்டேன். ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்." முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன டாக்டர், ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி எழுதியிருக்கீக? இலக்கியத்துக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"மாட்டைப் பாக்காமலே மருந்து எழுதுற ஆளுக நம்ம பக்கம் எம்புட்டுப் பேருன்னு ஒங்களுக்குத் தெரியாது டீச்சர்" என்றார். "நான் பாத்தேனா, எதுவரைக்கும் பாத்தேன்னு மொதல்ல சொல்லிப்புடுறேன். அதுக்கு மேல நம்புறது அவுகவுக பாடு."

அந்த மூன்று வரியை எவரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். அதைப் படிக்கவே ஆட்கள் வந்தார்கள்.

தேனியில் எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் ஒரு சின்ன அறை, வடை, டீ. வட்டத்தில் ஒருவருடைய புத்தகம் வெளிவந்தால் மற்றவர்கள் அந்த வாரமே தங்கள் வலைப்பதிவுகளில் புகழ்ந்து எழுதிவிட வேண்டும். யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் உங்கள் புத்தகம் வரும்போது அந்த வீட்டிலிருந்து ஒரு சொல் வராது. நாங்கள் இதை மொய் என்று சொல்லிக்கொண்டதில்லை. அந்தச் சொல் வெளியே வர ஒரு டாக்டர் வேண்டியிருந்தது.

வட்டத்தின் அமைப்பாளர் ஒரு வழக்கறிஞர், நல்ல மனிதர். அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது. எல்லோரும் எழுதினோம். நான் "பள்ளத்தாக்கின் புதிய குரல்" என்று தலைப்பு வைத்தேன். டாக்டரும் எழுதினார். மேலே இருந்த மூன்று வரிகள் இவை: "வெளியீட்டு விழாவில் கையில் கொடுத்தார்கள். முழுதும் படிக்கவில்லை. ஆசிரியர் நண்பர் என்பதால் நிறுத்திய இடத்துக்கு மேல் இன்னும் பத்துப் பக்கம் படித்தேன்." அடுத்த கூட்டத்தில் வடையை யாரும் தொடவில்லை.

"என்ன டாக்டரே, விசேஷ வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு, மொய் எழுதாமப் போனா எப்பிடி?" என்று வழக்கறிஞர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். "மொய்னா மொய்னு தலைப்புப் போட்டுருவோம் சார். எனக்கு ஒண்ணுமில்ல, நானும் எழுதுறேன். விமர்சனம்னு போட்டு எழுதுனா, அதை நம்பி ஒருத்தர் கடைக்குப் போயிருவாகள்ல?"

அதோடு வட்டத்துக்கு வரமாட்டார் என்று நான் எதிர்பார்த்தேன், ஓரளவு ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். அடுத்த மாதம் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையோடு வந்து வழக்கறிஞர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வழக்கறிஞரும் பிறகு அவரோடு சமாதானமாகிவிட்டார். டாக்டரைத் தவிர வேறு யார் சொல்லியும் கடைசிவரை அவர் ஒரு புத்தகமும் வாங்கியதில்லை. என் விமர்சனங்களைப் படித்து அவர் என்னத்தை வாங்கினார் என்று எனக்குத் தெரியாது.

அவர் தவறே செய்யாதவர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். செய்தார். எங்கள் பக்கத்து லோயர் கேம்ப்பில் நடக்கிற ஒரு நாவலைப் பற்றி எழுதும்போது, அணைத் தண்ணீர் திறக்கும் நேரத்தை ஆசிரியர் தப்பாக எழுதிவிட்டார், இந்தப் பக்கம் வந்தே இருக்கமாட்டார் என்று போட்டுவிட்டார். அந்த வருடம் தண்ணீரை ஏன் தாமதமாகத் திறந்தார்கள் என்று நாவலிலேயே இரண்டு அத்தியாயம் இருந்தது. டாக்டர் அதைத் தாண்டிப் போயிருந்தார். ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். நானாக இருந்தால் அந்த வாக்கியத்தைச் சத்தமில்லாமல் எடுத்திருப்பேன், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். இவர் எழுதியதை அப்படியே விட்டுவிட்டு, தலையில் புதிதாக எழுதினார்: "முழுதும் படித்தேன் என்று சொன்னது பொய். இரண்டு அத்தியாயங்களைப் படிக்காமல் புரட்டிவிட்டேன். குற்றம் என்னுடையது, ஆசிரியருடையது அல்ல." அன்றைக்கு வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டுகிற திரட்டியில் முதலிடத்தில் நின்றது அந்தப் பதிவு. சரியாகப் படித்து எழுதிய எனக்குக் கிடைக்காத கைதட்டல், படிக்காமல் எழுதி மாட்டிக்கொண்டவருக்குக் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் அதை நினைத்தால் எரிகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். என்னுடைய முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தபோது வட்டம் தன் கடமையைச் செய்தது. அந்த வாரம் என்னைப் போல எழுதுகிறவர் தமிழில் இல்லை. எனக்கு அதில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. டாக்டர் எழுத வேண்டும், அவ்வளவுதான். புத்தகத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதங்கள் போயின, ஒரு வரி வரவில்லை. அதற்கிடையில் ஆண்டிபட்டி நெசவு வீட்டுப் பெண்ணான அந்தத் தமிழரசி தன் முதல் நாவலை எழுதினாள். டாக்டர் நீளமாக எழுதினார். "கடையில் வாங்கியது. மூன்று முறை படித்தேன். ஆசிரியரைத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசை." எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே உத்தமபாளையத்துக்குப் பேருந்து ஏறினேன்.

கோமதி அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"என் புத்தகத்தைப் படிச்சீகளா இல்லையா?"

"படிச்சுட்டேன் டீச்சர். முழுசும்."

"அப்பறம் ஏன் எழுதல?"

"எழுதுனா மேல என்ன போடணும்? ஆசிரியர் என் சிநேகிதி, அவுக மனசு நோகும்னு பயமா இருக்குன்னு போடணும். அதைப் போட்டுட்டுக் கீழ நான் எதை எழுதுனாலும் யாரு நம்புவாக?"

"சிநேகிதியாப் போனது என் குத்தமா? அப்ப நல்லா இல்லன்னு அர்த்தம்."

அவர் சொன்னார்: "மூணு கதை நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. மத்ததுல நீங்க டீச்சரா எந்திரிச்சு நிக்கிறீக. படிக்கிற ஆளு கையக் கட்டி உக்கார வேண்டியிருக்கு."

"இதையே எழுதுங்க" என்றேன். காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். கோமதி அக்கா வாசல்வரை வந்து, "அவுக எங்கிட்டயும் இப்பிடித்தான் டீச்சர், கொழம்பு நல்லால்லன்னா நல்லால்லம்பாக" என்று சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை.

எழுதினார். "ஆசிரியர் கையில் கொடுத்தார். முழுதும் படித்தேன். ஆசிரியர் என் நண்பர். அவர் கேட்டதால் எழுதுகிறேன், இதனால் நட்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது." அதற்குக் கீழே, என்னிடம் வீட்டில் சொன்னதற்கு ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வட்டத்து நண்பர்கள் கொதித்துப்போனார்கள். பெயர் போடாமல் அனானியாக அவர் பதிவில் நாலு பின்னூட்டம் போட்டு ஆளைக் கவிழ்த்துவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். என்னைப் பெருந்தன்மைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய பதிவில் பின்னூட்டம் கூடுவது எனக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த மூன்று கதைகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். எங்கெங்கிருந்தோ கடிதம் வந்தது. ஒரு சிறுபத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்கி மறுபடி போட்டது. எல்லோரும் தவறாமல் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "டாக்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்று படித்தேன்." கதையை எழுதியவள் நான். நம்பிக்கை அவருக்கு. மற்ற கதைகளைப் பற்றி அவர் சொன்னதில் பாதியை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் என் புத்தகத்தை எடுத்தால் கை தானாக அந்த மூன்றுக்குத்தான் போகிறது.

இந்த வருடம் என் நாவல் முடிந்தபோது அவருக்கு உடம்பு முடியாமல் போயிருந்தது. அச்சுக்குப் போகும் முன் பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் வைத்தேன். கையால் தடவிப் பார்த்தார், திறக்கவில்லை.

"எழுத்து ஓடுது டீச்சர், ஒரு பக்கம் தாண்ட முடியல. படிக்காமலே நல்லாருக்குன்னு சொல்லவா?" என்றார். கேலிதான். ஆனால் கண்ணில் ஒரு கேள்வியும் இருந்தது. நான் கேட்டால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

சொல்லுங்கள் என்றுதான் வாய்வரை வந்தது. வேண்டாம் என்றேன்.

துக்க வீட்டுக்குப் போனபோது தமிழரசி கோமதி அக்காவின் தோளில் கை போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் எனக்குரியது என்று தோன்றியது. அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்னுடைய இரண்டாவது நாவலை, படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், டாக்டரிடம் கொடுத்திருந்தாளாம்.

"என்ன சொன்னாக?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாதியில நிறுத்திட்டாக டீச்சர்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். "எழுதையில ஒனக்கே சலிச்சுப்போன எடம் எங்கனன்னு தெரிஞ்சிருச்சு தாயி, அங்கனயே நானும் நின்னுட்டேன்னாக. அந்தப் பாதியத் திரும்ப எழுதிக்கிட்டு இருக்கேன்."

அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். எனக்கு அந்தப் பாதிகூடக் கிடைக்கவில்லை.

என் நாவல் வெளிவந்துவிட்டது. வட்டம் எழுதிவிட்டது. "அருமை" என்கிறார்கள், "உச்சம்" என்கிறார்கள், பத்து நாளைக்குள் பதினைந்து பேர் முழுதும் படித்துவிட்டார்கள். எந்தப் பதிவின் தலையிலும் மூன்று வரி இல்லை. நாவல் நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கையான ஒருவர் கண்ணை இரவல் வாங்கியாவது அறிந்துகொள்ளலாம் என்றால், கேட்க அந்த ஆள் இல்லை. டாக்டர் எனக்கென்று விட்டுப்போனது மூன்று கதைகள். அவை நல்ல கதைகள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.