எஸ்பெராண்டோ கல் இறங்குங்க

என் அத்தை நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அப்பாவின் தங்கை. நாள் முழுக்க வண்டி ஓட்டியும் ஊர் எல்லையைத் தாண்டாதவள் என்று அவளைக் கேலி செய்யாத ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. செக்குமாடு என்று என் அப்பாவே சொல்லியிருக்கிறார். அத்தை கோபித்துக்கொள்ள மாட்டாள். செக்குமாடு சுற்றினால்தான் உனக்கு எண்ணெய் என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவள் எஸ்பெராண்டோ கற்றுக்கொண்ட கதை அப்படியொன்றும் கௌரவமானதல்ல. கடைசி நிறுத்தத்தில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே கழிவறை கிடையாது. வண்டி ஓட்டுகிறவர்களில் பெண்களும் இருப்பார்கள் என்று அதைக் கட்டினவனுக்குத் தோன்றவில்லை, அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எதிரே ஒரு பூட்டுக்கடை. அத்தை ஓடிப்போய்க் கழிவறை இருக்கிறதா என்று கேட்டதும் பூட்டுக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் மாடியைக் கை காட்டினார். மேலே போனால் நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ஏதோ ஒரு மொழியில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இறங்கிப் போக அத்தையால் முடியவில்லை. கழிவறைக்குப் போனவள் ஒரு மொழியோடு திரும்பி வந்தாள் என்று மாமா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார்.

மாமா ரொட்டி சுடுகிறவர். எஸ்பெராண்டோ எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மொழி, யாரும் யாருக்கும் தலைவணங்காமல் பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு கண் மருத்துவர் உருவாக்கியது என்றெல்லாம் அத்தை அவருக்கு விளக்கினாள். மாமா மாவைப் பிசைந்துகொண்டே கேட்டார். "இருக்கற மொழியிலயே நமக்குள்ள சண்டை ஓயல. இன்னொண்ணு எதுக்கு?"

எதற்கு என்பது போகப் போகத் தெரிந்தது. அந்த மொழிக்காரர்களுக்குள் ஒருவர் ஊருக்கு ஒருவர் போனால் வீட்டிலேயே இடம் கொடுப்பார்கள். அத்தை வீட்டு சோபாவில் ஒரு தேனீ வளர்ப்பவர் படுத்திருந்தார். பிறகு ஒரு ரயில் கார்டு, பிறகு சண்டை போட்டுக்கொண்டே வந்த ஒரு புதுமணத் தம்பதி. அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பியது அத்தைதான், அதுவும் அந்த மொழியில்தான். ஊர் எல்லையைத் தாண்டாதவளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆள் வந்ததைக் கண்டு எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

மாடி அறைக்கு ஒரு விதி உண்டு. உள்ளே நுழைந்தால் எஸ்பெராண்டோதான். வாய் தவறித் தாய்மொழி வந்துவிட்டால் அன்றைய தேநீர்க் கோப்பைகள் எல்லாவற்றையும் அவர்தான் கழுவ வேண்டும். முதல் வருஷம் முழுக்க அத்தைதான் கழுவினாள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு பல் டாக்டர் ஒருநாள் மேசைக்காலில் முட்டியை இடித்துக்கொண்டு "அம்மா" என்று அலறிவிட்டார். அது எல்லா மொழிக்கும் பொதுவான சொல் என்று வாதாடிப் பார்த்தார். தள்ளுபடியானது, கழுவினார். கழுவாத ஒரே ஆள் பூட்டுக்காரர். அந்த எஸ்பெராண்டோ மன்றத்தை ஆரம்பித்தவரே அவர்தான். அந்த அறைக்குள் அவர் வாயிலிருந்து வேறு மொழியில் ஒரு சொல்கூட விழுந்ததில்லை. வேண்டுமென்றே அவர் பின்னால் தட்டைக் கீழே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர் எஸ்பெராண்டோவில்தான் திடுக்கிட்டார்.

அவர் ஆசைப்பட்டுத்தான் எஸ்பெராண்டோவுக்கு ஊரில் ஒரு நினைவுக்கல் வந்தது. நீதிமன்றத்துக்கு எதிரே மூன்று தெருக்கள் சேருமிடத்தில் நகராட்சி ஒரு முக்கோணத் துண்டு இடத்தைக் கொடுத்தது. ஆள் உயரக் கருங்கல், உச்சியில் அந்த மொழியின் சின்னமான பச்சை நட்சத்திரம், கீழே செதுக்கிய ஒரு வரி: மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளட்டும். அந்த வரிக்காக மாதக்கணக்கில் மாடியில் வாதம் நடந்தது. விதிப்படி எல்லாமே எஸ்பெராண்டோவில். கல்லில் வரியும் எஸ்பெராண்டோவில் மட்டும்.

திரையை விலக்கியதும் வேடிக்கை பார்க்க நின்ற ஒருவர் பூட்டுக்காரரிடம் வந்து, இது யாருடைய சமாதி என்று துக்கத்தோடு விசாரித்தார். அப்போதுதான் அத்தனை பேருக்கும் உறைத்தது. உலகத்துக்கே புரிய வேண்டும் என்று வைத்த கல்லில் உள்ளூர்க்காரனுக்குப் புரிகிற ஓர் எழுத்துகூட இல்லை. எட்டுப் பேர், அதில் ஒரு பல் டாக்டர் வேறு, ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது. பூட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நல்ல உடையில் வந்திருந்தவர், கல்லுக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றார். அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலை வண்டியில் நானும் இருந்தேன். கல்லுக்குப் பக்கத்து நிறுத்தம் வந்ததும் அத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தாள். "எஸ்பெராண்டோ கல் எறங்குங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு நிறுத்தம் இருந்தால்தானே? நகராட்சி வைத்த பெயர் வேறு. அத்தை கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு முணுமுணுத்தபடி இறங்கினார்கள். அன்று மாலையும் அதே அறிவிப்பு. பணிமனையில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்து மறுபடியும் அதையே சொன்னாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே பேருந்து ஊர ஊரக் கல் வளர்ந்தது. மற்ற ஓட்டுநர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். தேநீர்க் கடைக்காரர் பலகையில் "எஸ்பெராண்டோ கல் எதிரில்" என்று எழுதிக்கொண்டார். இறங்குகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் சிவப்பு விளக்கு எரிகிற நேரத்துக்குள் அத்தை சொல்லி முடிப்பாள். சிலர் இறங்கும்போது "சலூதோன்" என்று அந்த மொழியில் அவளுக்கு வணக்கம் சொல்லவும் பழகிவிட்டார்கள்.

அப்புறம்தான் நகராட்சியின் அறிவிப்பு வந்தது. முக்கோணத்தில் கார் நிறுத்துமிடம் வரப்போகிறது, கல்லை எடுத்துக் கிடங்கில் போடப்போகிறார்கள். பூட்டுக்காரர் ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. அந்தக் கல் போனால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று அத்தை சாப்பிடாமல் உட்கார்ந்து சொன்னாள். மாமாகூட அன்று கேலி செய்யவில்லை.

நகராட்சிக் கூட்டத்துக்கு நானும் மாமாவும் போனோம். என்னவென்றே அந்தப் பகுதியில் யாருக்கும் தெரியாத ஒரு கல், அகற்றுவதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று பொறியாளர் வாசித்தார். பூட்டுக்காரர் எழுந்து மனித ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். உறுப்பினர்கள் போனைப் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போன்களை வாங்கி உடைத்திருப்பேன்.

அத்தை கை தூக்கினாள். சீருடையோடு வந்திருந்தாள். தான் அந்த வழியில் வண்டி ஓட்டுகிறவள், கார்கள் சரியாக எதுவரைக்கும் நிற்கும் என்று தெரிந்தால் நல்லது என்றாள். நியாயமான கேள்வி. பொறியாளரும் மரியாதையாக வரைபடத்தில் விரலை வைத்தார்.

"எஸ்பெராண்டோ கல்லுலேருந்து கோர்ட் வாசல் வரைக்கும்மா."

அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது, கடைசியில் பொறியாளரும் சிரித்துவிட்டார். அது நிறுத்தத்தின் பெயர்தானே என்று சமாளித்துப் பார்த்தார். அப்படியானால் நாம் வைத்த பெயர் என்ன என்று நகராட்சித் தலைவரம்மா கேட்டார். யாருக்கும் நினைவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தேடிப் பார்த்தார்கள். தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எம் பொண்ணு தெனமும் அங்கதான் எறங்கறா. எறங்கும்போது உங்களுக்கு ஏதோ வணக்கம் சொல்வாளாமே? கல்லு அங்கயே இருக்கட்டும். கீழ நம்ம மொழியிலயும் ஒரு வரி போடுங்க."

நான் எழுந்து நின்று கைதட்டினேன். வரைபடக் கேள்வியைத் திட்டம் போட்டுக் கேட்டாயா என்று மாமா வாசலில் மடக்கினார். வண்டி திரும்ப இடம் வேண்டாமா என்றாள் அத்தை. அவர் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

நேரே மாடி அறைக்குப் போனோம். மாமா ஒரு கூடை ரொட்டியோடு முதல்முறையாகப் படியேறி வந்தார். வாசலைத் தாண்டியதுமே அத்தை இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். "ஜெயிச்சுட்டோம்!"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். விதி விதிதான். தேநீர் முடிந்ததும் அவள் சீருடைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாகத் தொட்டியருகே போனாள். பூட்டுக்காரர் எழுந்து அவள் பின்னால் போனார். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் ஒரு சொல் தவறாதவர், எல்லார் காதிலும் விழும்படி, நம் மொழியில் சொன்னார்.

"நகரும்மா. இன்னிக்கு நான் கழுவறேன்."