தம்பியின் காலில் விழுந்த குழி

எங்கள் குடிசை வரிசையிலேயே அழகான பிள்ளை என் தம்பிதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அரியலூர் ரயிலடிக்குப் பின்னால், சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வரும் பாதையை ஒட்டி எங்கள் குடிசைகள் இருந்தன. பிழைப்புத் தேடித் திருமானூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அம்மாவும் அப்பாவும் கல் ஏற்றப் போய்விட்டால் இரண்டு வயதுத் தம்பி என் பொறுப்பு. எனக்கு ஏழு வயது இருக்கலாம்.

அந்த வருஷம் அவன் தலைமுடி செம்பட்டையாக மாறத் தொடங்கியது. கன்னம் உப்பி, வயிறு முன்தள்ளி, பார்க்கிறவர்களுக்குக் கொழுகொழுவென்று இருந்தான். “வெள்ளக்காரப் புள்ளையாட்டம் இருக்கான்டி” என்று பக்கத்துக் குடிசை அத்தை சொன்னதை நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். கஞ்சித் தண்ணீரும் டீயில் நனைத்த வர்க்கியும்தான் அவன் ஆகாரம். அதில் எப்படி இவ்வளவு சதை வைக்கிறது என்று எனக்கு ஒரே வியப்பு. ஆனால் அவன் சிரிக்கமாட்டான். இறக்கிவிட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பான். தொந்தரவில்லாத பிள்ளை என்று அம்மாவுக்கு அதிலும் பெருமைதான்.

ஒருநாள் தடுப்பூசி போட ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸம்மா அவனைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். கட்டைவிரலால் அவன் பாதத்தை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் என் காலை அழுத்திப் பார்த்தேன். குழி நிற்கவில்லை. தம்பிக்கு மட்டும் ஏதோ வித்தை வருகிறது என்று தோன்றியது.

“இது சதை இல்லம்மா, நீரு. புள்ள ஒடம்புல சத்தே இல்ல. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடு” என்றார் நர்ஸம்மா.

அம்மா நம்பவில்லை. ஆனாலும் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் பாலும் வெல்லமும், பிறகு பொட்டுக்கடலை மாவும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். சில நாளிலேயே தம்பி வற்றிப்போனான். கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது.

“கொழுகொழுன்னு கொண்டாந்த புள்ளைய இப்படி எலும்பாக்கிட்டீங்களே! நான் வூட்டுக்கே தூக்கிட்டுப் போறேன்” என்று அழுதபடி அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள்.

பால் கிண்ணத்தோடு வந்த நர்ஸம்மா குறுக்கே நின்றார். திட்டவில்லை. “நீரு வடிஞ்சுடுச்சும்மா. உன் புள்ள நெசமா இருந்தது இம்புட்டுத்தான். இனிமேதான் சதை வைக்கணும்” என்றார்.

அப்போது தோளில் கிடந்த தம்பி திரும்பிக் கையை நீட்டிக் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தான். பால் அம்மாவின் மேல் கொட்டியது. அவன் வீறிட்டு அழுதான். அதுவரை எதையும் கேட்டு அழாத பிள்ளை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, “இன்னொரு கிண்ணம் குடுங்க” என்றாள்.

சில வாரம் கழித்து வீடு திரும்பும்போது தம்பி என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான்.

அதன்பின் எனக்குப் புதிதாக ஒரு விளையாட்டுக் கிடைத்தது. நர்ஸம்மாவைப் போலவே வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகளின் பாதங்களையெல்லாம் அழுத்திப் பார்த்தேன். அத்தையின் மகனுக்குக் குழி நின்றது. கடைசிக் குடிசைப் பாப்பாவுக்கும் நின்றது. நர்ஸம்மா மறுபடி வந்தபோது நல்ல சேதி சொல்வதுபோல் ஓடினேன்.

“இவங்களுக்குங்கூட குழி நிக்குதுங்க! வந்து பாருங்க!”

அவர் என் கையைப் பிடித்து, “வேற யாருக்கெல்லாம் நிக்குது, காட்டு” என்றார்.

ஒவ்வொரு குடிசையாகக் கூட்டிப்போனேன். வேலைக்குக் கிளம்பியிருந்த பெண்கள் தலைச் சும்மாட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வைத்தபடி எங்கள் பின்னால் வந்தார்கள். எல்லோரும் என் விளையாட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்ற சந்தோஷத்தில் நான் முன்னால் குதித்துக்கொண்டு ஓடினேன்.