கப்பைத் துலைச்ச முதலாளி

ஒறேஞ் எசன்சும் சவர்க்காரத் தண்ணீரும் கலந்தால் ஒரு மணம் வரும். எங்கள் அம்மா யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சோடாக் கம்பனியில் போத்தல் கழுவிய காலத்தில் அந்த மணம் அவருடைய சேலையிலும், என் சட்டையிலும், நாங்கள் சாப்பிட்ட சோற்றிலும்கூட இருந்தது. மூன்றாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துத் தன்னோடு கூட்டிப்போனார். அதற்காக நான் இன்றுவரை ஒருவர் முன்னும் தலை குனிந்ததில்லை. ஏனென்றால், அந்தப் பின்வளவில் நின்று நான் பார்த்த "பந்தடி"யைப் பட்டினத்தில் வேறு எந்தப் பெட்டையும் பார்த்திருக்க மாட்டாள்.

கம்பனி முதலாளி ஓர் உதைபந்தாட்டக் குழு வைத்திருந்தார். போத்தல் அடைக்கிறவர்களும் லொறியில் ஏற்றி இறக்குகிறவர்களும்தான் ஆட்டக்காரர்கள். வளவுக்குப் பின்னால் மைதானம், இடையில் தகர வேலி. பெண்பிள்ளைகள் மைதானத்துக்குள் கால் வைப்பதில்லை. வேலி ஓட்டையால் நான் எட்டி எட்டிப் பார்ப்பதை முதலாளி ஒரு நாள் கண்டுவிட்டார். வேலை போச்சு என்று அம்மா நடுங்க, அவரோ, "உவளுக்கு ஒரு பெட்டியைக் கவிட்டு விடுங்கோ, கழுத்து நோகப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வெயில் காலம் முழுக்க, கவிழ்த்த சோடாப் பெட்டியில் ஏறி நின்று, எவர் இடக்கால்காரர், எவர் பந்து வந்தால் கண்ணை மூடுகிறவர் என்றெல்லாம் பாடமாக்கினேன்.

கோல் அடிக்கிறதென்றால் செல்வம் அண்ணைதான். லொறியில் பெட்டி ஏற்றுகிறவர். வெற்றிக் கப்புக்கான இறுதி ஆட்டத்தன்று, ஆட்டம் தொடங்க முன்னர், வேலிக்கு மறுபக்கம், எனக்குக் கையெட்டும் தூரத்தில், முதலாளி அவரை இருத்தி முழங்காலை அமத்திப் பார்த்தார். முழங்கால் வீங்கி மினுங்கியது.

"காலைத் துலைச்சுப் போட்டுக் கப்பை வைச்சு நக்கிறதே? இரு உதில" என்றார். "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. கால் பழுது எண்டு தெரிஞ்சால் பிறகு எவனும் உன்னை ரீமில சேர்க்கான். நான் இருத்தினதாகவே இருக்கட்டும்."

செல்வம் அண்ணை அழுததை நான் கண்டேன். அவர் இறங்காமல் ஒரு கோலால் தோற்றோம்.

அடுத்த மாரிக்குள் முதலாளி நெஞ்சு நோவில் போய்விட்டார். செத்தவீட்டுப் பந்தலில் ஆண்கள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு அவரைத்தான் அலசினார்கள்.

"நல்ல மனிசன்தான். ஆனால் கப்பைத் துலைச்சவர்."

"அவருக்குச் செல்வத்தில எரிச்சல், அண்ணை. தன்னிலும் பார்க்க அவனுக்குப் பேர் வந்திட்டுதெல்லே."

"சோடாக் காஸ் தலைக்கேறினால் அப்பிடித்தான்."

சிரித்தார்கள். செல்வம் அண்ணை பிரேதத்தின் கால்மாட்டில் குனிந்த தலை நிமிராமல் நின்றார். முதலாளி வாயைக் கட்டிவிட்டுப் போனது அவருக்கு. என் வாயை ஒருவரும் கட்டவில்லை. நான் எழும்பிப் பந்தலடிக்குப் போய், "இல்லை, அவர்..." என்று தொடங்க, அம்மா பின்னால் வந்து கையில் கிள்ளினார். "ஆம்பிளையள் பந்தடி கதைக்கிற இடத்தில உனக்கென்னடி அலுவல்?" பிறகு பிரேதம் எடுத்தார்கள். பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுகொண்டோம். பறைச் சத்தம் ஒழுங்கை திரும்பிப் போய்விட்டது. சொல்ல வந்தது என்னோடேயே நின்றுவிட்டது.

இப்போது ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம், ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் தனியே இருக்கிறேன். மகன் கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பான். கோடையில் ஞாயிறு பின்னேரங்களில் பக்கத்துப் பார்க்கில் ஒரு சின்னப் பேஸ்போல் குழு விளையாடும். பாஷை தெரியாவிட்டாலும் ஆட்டம் எனக்கு விளங்கும். கம்பி வேலிக்கு வெளியே மர வாங்கில் இருந்து பார்ப்பேன். குழுவின் சொந்தக்காரர் ஒரு கிழவர். தோற்கிற நாளில் சனம் அவரைப் பார்த்துக் கத்தும். அவர் காது கேளாதவர்போல இருப்பார். என்னைக் கண்டால் மட்டும் தலையை ஒருக்கால் அசைப்பார். இத்தனை கோடையில் எங்களுக்குள் இருந்த கதை அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் ஒரு ஞாயிறு போனபோது ஆட்டம் இல்லை. வேலியில் அவருடைய படம், கீழே பூக்கள். கத்திய அதே சனம் தொப்பியோடு வந்து, ஒருவர் பின் ஒருவராக மைக்கைப் பிடித்துப் பேசி அழுதது. துக்கம் விசாரிக்க யாருடைய கையைப் பிடிப்பது என்று உரித்துக்காரரைத் தேடினேன், ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. நான் நின்று தேடுவதைக் கண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், பேசத்தான் நிற்கிறேன் என்று நினைத்து மைக்கை என் கையில் தந்தாள்.

அந்த மனிதரைப் பற்றி இரண்டு சொல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ எங்கள் முதலாளியின் கதை. "அவர் கப்பைத் துலைக்கேல்லை. ஒரு பெடியன்ரை காலைக் காப்பாத்தினவர். நான் பக்கத்தில நிண்டு கண்ணால கண்டனான்" என்று முழுவதையும் தமிழிலேயே சொன்னேன். தொப்பிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அறுபது வருடத்துக்கு மேலாக வைத்திருந்த சொல், சொல்லியாயிற்று. சோடாக் கம்பனி இருந்த இடம் இப்போது வெறும் வளவு என்று கேள்வி. செல்வம் அண்ணை எந்த நாட்டிலோ, உயிரோடுதான் இல்லையோ. பந்தலுக்குள் இருந்து சிரித்தவர்களில் ஒருவரும் மிச்சமிருக்க மாட்டார்கள். பார்க்கில் கைதட்டியவர்கள் நல்ல சனம், குறை சொல்ல மாட்டேன். என்றாலும் அவர்களுக்குள் ஒருவராவது எழும்பி, "சும்மா இரு எணை, உனக்கென்ன தெரியும், அந்தாள் கப்பைத் துலைச்சதுதான்" என்று என்னோடு சண்டைக்கு வரமாட்டாரா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.